உப்பு எங்க போச்சு?

பிள்ளைகளே, புது ஷூ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும். பிரித்தால் கண்ணாடி ஜவ்வரிசி மாதிரி மணிகள் இருக்கும். தின்னக் கூடாது என்று மேலேயே எழுதியிருப்பார்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ, தோல் பதனிடுகிற டேனரியிலோ வேலை பார்க்கிறோம்.

அந்த மணியில் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 'பட்' என்று சத்தம் வரும். மணி இரண்டாகப் பிளந்துவிடும். இதை எனக்குக் காட்டியவர் ஒரு மேடம். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயரை எழுதவில்லை. ஒருமுறை எங்கள் டேனரி முதலாளி, "உன் பேரைப் போட்டு ஒரு போர்டு வைக்கிறேன்மா" என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். "பேரைப் பாத்து நம்பிடுவாங்க பாய். தண்ணியப் பாத்து நம்பட்டும்" என்றார். அதனால் நானும் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். டேனரியில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் பம்பு ஓட்டுகிறேன். மேடம் என்னைவிட வயதில் சிறியவர். வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காலையில் பஸ் ஏறி எங்கள் டேனரிக்கு வருவார். தோளில் ஒரு துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில், காலில் எங்கள் ஊரில் தைத்த சாதாரணச் செருப்பு. பம்பு ரூமுக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டிருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

அவர் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கெட்ட சேதியை உடனே நம்புவார். நல்ல சேதியை நம்பவே மாட்டார்.

"கெட்டுப் போச்சுன்னா ஒரு தடவை பாத்தா போதும்ண்ணா. நல்லா வந்துருச்சுன்னா ரெண்டு தடவை பாக்கணும்." இதை எத்தனை தடவை என்னிடம் சொன்னாரோ தெரியாது.

கேட் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள் டீ பிரமாதமாக இருந்தது. "இன்னிக்கு டீ சூப்பர்" என்று நான் சொன்னேன். மேடம் கடைக்காரரிடம், "நேத்துப் போட்ட தூள்தானா? பாலும் அதேதானா?" என்று விசாரித்தார். அதோடு நிற்காமல் இன்னொரு டீ வாங்கிக் குடித்துப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா தோஸ்த், இந்தம்மா போலீஸா?" என்று கேட்டார்.

மைக்ரோவேவ் அடுப்பு வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போனபோதும் இதே கூத்துதான். கம்பெனி வண்டியில் நான்தான் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்துச் சூடாக்கிக் காட்டினார். "நடுவுல வச்சீங்க. ஓரத்துல வச்சுக் காட்டுங்க" என்றார் மேடம். ஓரத்தில் வைத்துக் காட்டினார். "இப்ப அந்தப் பக்க ஓரம்." வெளியே தள்ளுவண்டிக்காரர்கள் வழிக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், இதுல சோறு சூடு பண்ணப்போறீங்களா, ராக்கெட் வுடப்போறீங்களா?"

"கரி சுடப்போறேன்."

கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கரி எதற்கு என்று கேட்பீர்கள். தோலுக்குச் சாயம் போடுகிற இடத்தை நாங்கள் கலர் செக்‌ஷன் என்போம். அங்கிருந்து வருகிற தண்ணீர் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். எல்லாத் தொட்டியும் தாண்டி வந்த பிறகும் அந்த நிறம் முழுதாகப் போகாது. அதைப் போக்கக் கரியில் விட்டு வடிகட்டுவார்கள். கொட்டாங்குச்சியைச் சுட்டுத் தயார் செய்கிற கரி. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. சாயம் உள்ளே போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வெளியே வந்துவிடும். ஷூ பெட்டி மணியும் அப்படித்தான். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் தன் ஓட்டைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் ஒரேயடியாக உறிஞ்சப் பார்த்து வெடித்துப்போகும்.

எங்கள் கரியில்தான் ஒரு பிரச்சினை இருந்தது. ஓட்டை சின்னது, சாயம் பெரிசு. மேடம் இப்படிச் சொன்னார்: "வீடு நிறைய ரூம் இருக்குண்ணா. ஆனா வாசக்கதவு குறுகல். கட்டில் உள்ள போவல. வாசல்லயே நிக்குது. நான் கதவைக் கொஞ்சம் அகலம் பண்ணணும்."

இது விளையாட்டு வேலை இல்லை. முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் தோல் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து தண்ணீரைப் பார்க்கப்போகிறோம் என்று எழுதிவிட்டார்கள். நிறம் போகவில்லை என்றால் கலர் செக்‌ஷனை மூடிவிட்டு, சாயம் போடுகிற வேலையை வெளியூருக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி எங்களைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் என் பம்பு நின்றுவிடும். செல்வி அக்காவின் வேலையும் போய்விடும்.

செல்வி அக்கா கலர் செக்‌ஷனில் தோலைச் சாயத்தில் போட்டுப் புரட்டுகிற டிரம்களைக் கழுவுகிறவர். மதியத்துக்கு மேல் மேடத்துக்குக் கரி கழுவிக் கொடுப்பார். வாய் ஓயாது. "மேடம், அந்த அடுப்புல என் பிரியாணியக் கொஞ்சம் காட்டி எடேன்" என்பார். "கரி வச்ச அடுப்புல சோறு வச்சா பிரியாணி வெளிய வந்துரும்க்கா, அதைத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போற நீதான் வெளிய வர மாட்ட" என்பார் மேடம். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மேடம் முதலில் கரியில் கை வைக்கவில்லை. மணியில்தான் ஆரம்பித்தார். கரி கறுப்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. மணி கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லாம் தெரியும் என்றார். ஷூ கம்பெனியில் தையல் பார்க்கிற பெண்கள் வீணான பொட்டலங்களைப் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெடிக்காமல் இருக்க மணியை முதலில் ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்குவார். அதன் பிறகு தண்ணீரோடு ஒரு இரும்புக் குண்டுக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, சூட்டில் வைப்பார். விசில் இல்லாத குக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீராவி உள்ளேயே நெருக்கியடித்து மணியின் ஓட்டைகளை அகலமாக்கும்.

வெந்த மணியைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த ஒரு நீலச் சாயத்தில் ஊறப்போடுவார். எங்கள் தோல் சாயம் வெறும் மணியில் ஒட்டாதாம். பிறகு பிளேடால் மணியைப் பாதியாக நறுக்குவார். வேகாத மணியில் நீலம் மேல்புறத்தில் மட்டும் இருக்கும், நடுவில் வெள்ளை. நன்றாக வெந்த மணியில் நடு வரைக்கும் நீலம். அதைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அவர் முகம், என்ன சொல்ல, எங்கள் மகள் முதல் முதலாகத் தனியாகச் சைக்கிள் ஓட்டிய அன்று என் மனைவியின் முகம் இருந்த மாதிரி இருந்தது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "இன்னொரு மணி எடுங்கண்ணா" என்பார்.

மணியில் கற்றுக்கொண்டதைக் கரியில் செய்யத்தான் மைக்ரோவேவ். அதற்குக் குழாய் வைத்து, புகை போக வழி செய்து, என்னென்னவோ மாற்றினார். நீங்கள் வீட்டு அடுப்பில் இதைச் செய்யக் கூடாது, தெரிந்துகொள்ளுங்கள். ஈரக் கரியை வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் கரிக்குள் சின்னச் சின்ன மின்னல் ஓடும். கரி உள்ளிருந்தே சூடேறிச் சிவக்கும். ஈரம் நீராவியாகி ஓட்டைகளைக் குடைந்துகொண்டு வெளியே வரும். இரும்புக் குண்டில் ஒரு நாள் முழுக்க ஆகிற வேலை, இதில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஜாஸ்தி வைத்தாலும் தப்பு, கம்மி வைத்தாலும் தப்பு. ஒரு தடவை ஜாஸ்தியாக வைத்துவிட்டார். கரி முன்னைவிட மோசமாகிவிட்டது. "கதவைப் பெருசாக்கறேன்னு சுவரையே இடிச்சிட்டேன். சாயம் ஒட்டறதுக்குச் சுவரே இல்ல" என்றார். அந்த முடிவை மட்டும் அவர் இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

கரியை நிரப்ப ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் நிறுத்தியிருந்தோம். மேலே கழிவுத் தண்ணீர் விட்டால் கரிக்குள் இறங்கிக் கீழே திருகுக் குழாய் வழியாக வரும். அன்றைக்கு முதலாளி தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மேடத்தின் பஸ் வழியில் நின்றுபோனது. அவர் வந்து சேர்வதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இன்னாப்பா, தண்ணிய வுடு. பாக்கலாம்" என்றார். நான் பம்பைப் போட்டேன். கீழே திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம்.

தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது.

முதலாளி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஆள் அனுப்பி எங்கள் பக்கத்து இனிப்பான மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னார். கலர் செக்‌ஷனே திரண்டுவிட்டது. வேலை தங்கிவிட்டது என்று ஆளாளுக்குத் தோளில் தட்டிக்கொண்டோம். நான் என் மனைவிக்கு போன் செய்து சொல்லியும்விட்டேன். அப்போதுதான் மேடம் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். முதலாளி அவர் கையில் ஒரு பேடாவை வைத்தார். "ஜெயிச்சிட்டே பேட்டி! சாப்புடு." பேட்டி என்றால் உருதுவில் மகள்.

மேடம் சாப்பிடவில்லை. பேடாவை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர். கேன் தண்ணீர் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். பாட்டிலில் விட்டுப் பார்த்தார். மேலே தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். மறுபடியும் பாட்டிலில் விட்டார்.

"உப்பு எங்க போச்சு?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"கரி சாயத்தைப் பிடிக்கும் பாய். உப்பைப் பிடிக்காது. மேல போற தண்ணி கடல் மாதிரி உப்பு. கீழ வர்ற தண்ணியில உப்பே இல்ல. உப்பு எங்க போச்சு?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செல்வி அக்காவின் குரல் வந்தது. எப்போதும் கேட்கிற குரல் மாதிரியே இல்லை.

"மேடம்... கரியை நான்தான் கழுவி நிரப்பினேன். நம்ம போரு தண்ணி மஞ்சளா வருதே, அதுல கழுவினா உன் கரிக்குக் கெட்ட பேரு வந்துரும்னு... ஒரு கேன் தண்ணி வாங்கியாந்து கழுவி, மீதியக் குழாய்ல நெறைய ஊத்தி வச்சேன். முதலாளி வர்றாரேன்னுதான்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு போர் தண்ணீர் கொடுக்க மாட்டோம். கேன் தண்ணீர்தான் கொடுப்போம். செல்வி அக்கா கரிக்கும் அந்த மரியாதையைச் செய்துவிட்டார். குழாயில் நின்றிருந்த கேன் தண்ணீர்தான் முதலில் வெளியே வந்தது. அதைத்தான் பாட்டிலில் பிடித்து ஊருக்கே பேடா கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எனக்குக் காதில் விழுந்தது.

"அம்மா, வர்றவங்களுக்கு இது தெரியவா போவுது? இந்தத் தண்ணியைக் காட்டுவோம். நீ அப்பால பொறுமையா சரி பண்ணிக்கோ. இத்தினி பேர் வேலை இருக்கு."

எனக்கும் மனசுக்குள் அதே எண்ணம்தான். சரி என்று சொல்லிவிடும்மா என்று நினைத்தேன்.

"பாய், கேன் தண்ணிக்கு எதுக்கு ஃபில்டர்?" என்றார் மேடம். "இதைக் காட்டினா அடுத்த மாசமும் இதே மாதிரி கேப்பாங்க. மாசாமாசம் கேன் வாங்குவீங்களா?"

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரம்ஜான் முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலைன்னா கலர் செக்‌ஷனுக்குப் பூட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர், "வெளங்காத பொம்பளை, நல்லது நடந்தாலும் நம்பாது" என்று காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. திருகைத் திறந்துவிட்டு, கேன் தண்ணீர் முழுக்கப் போகும் வரை ஓடவிட்டார். பிறகு வந்தது உண்மையான தண்ணீர். தண்ணி கலந்த கறுப்பு டீ நிறம். பாதிச் சாயம்தான் போயிருந்தது. மீட்டரை வைத்தார். உப்பு மேலே எவ்வளவோ அவ்வளவு கீழேயும்.

"இப்ப சாப்புடலாம்" என்று சொல்லி, கையிலேயே உருகிப்போயிருந்த அந்த பேடாவை வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம் கூட வந்தது. "எப்படிம்மா உனக்கு இனிக்குது?" என்று கேட்டேன். அப்போதுதான் தன் தெருவைப் பற்றிச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருக் குழாயில் யாரோ ஒரு ஃபில்டர் மாட்டினார்களாம். முதல் நாள் தண்ணீர் தெளிவாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"வருஷக்கணக்கா அந்தத் தண்ணிய நம்பிக் குடிச்சோம்ண்ணா. உள்ள இருந்த கரி என்னைக்கோ செத்துப் போயிருந்துச்சு. கெட்ட தண்ணின்னு தெரிஞ்சிருந்தா எங்கம்மா காய்ச்சியாவது கொடுத்திருப்பாங்க. நல்ல சேதியத்தான் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

மறுநாள் செல்வி அக்கா வேலைக்கு வரவே கூசினார். மேடம் அவரைக் கூப்பிட்டு அந்த மீட்டரைக் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்கிட்டதான்க்கா. மேல உப்பும் கீழ உப்பும் ஒண்ணா ஆகற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி யாரும் பிடிக்கக் கூடாது. நான் கேட்டாலும் கொடுக்காதே." செல்வி அக்கா அதைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கிறபோது மட்டும்தான் கழற்றுவேன் என்று சொல்லித் திரிந்தார்.

ரம்ஜான் மாதம் முழுக்க கரி சுட்டோம். ஒரு தடவைக்கு ஒரு கிண்ணம்தான் சுட முடியும். முதலில் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். சில நாள் நிறம் குறையும், சில நாள் கூடும். எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை, வேறு எங்கே வேலை கேட்பது என்றே யோசனை ஓடும். மேடம் மட்டும், "இடிக்கிற அளவு தெரிஞ்சுபோச்சு, தெறக்காத அளவும் தெரிஞ்சுபோச்சு. நடுவுலதானே இருக்கணும்" என்பார்.

அந்த நடு ஒரு நாள் கிடைத்தது. அன்றைக்கும் முதலாளி அவசரமாக வந்து பாட்டிலை நீட்டினார். செல்வி அக்கா திருகுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"உப்பு பாக்கணும் முதலாளி."

"நான் யாருன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது முதலாளி. மீட்டருக்குத்தான் தெரியாது."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலேயும் கீழேயும் உப்பு ஒன்றாகும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பிடித்த தண்ணீர் பளிங்கு இல்லை. இளநீர் மாதிரி லேசான மங்கல். ஆனால் சாயம் போயிருந்தது. எல்லோரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். முதலாளி முந்திக்கொண்டார்.

"இன்னொரு தடவை. அதானே? ஓட்டுங்கப்பா."

இன்னொரு தடவையும் அப்படியே வந்தது. சாயம் குடித்துக் களைத்த கரியை மறுபடி அடுப்பில் வைத்துத் தேற்றி ஓட்டினார். அப்போதும் வந்தது. அன்று மேடம் ஒரு மணியை எடுத்து என்னிடம் கொடுத்தார். இரும்புக் குண்டில் வெந்த மணி. "தண்ணியில போடுங்கண்ணா." போட்டேன். வெடிக்கவில்லை. சத்தமில்லாமல் குமிழி விட்டுக்கொண்டு முழுசாக அடியில் போய் உட்கார்ந்தது. "வாசல் அகலமாயிட்டா முட்டி மோத வேண்டியதில்ல" என்றார். அந்த மணி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பாட்டிலைப் பார்த்த ஒருவர், "கொஞ்சம் மங்கலா இருக்கே? கேன் தண்ணி மாதிரி இருக்கும்னு நினைச்சோம்" என்றார். முதலாளி பின்னால் திரும்பிச் செல்வி அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா கழுத்திலிருந்து மீட்டரைக் கழற்றிக் கொடுத்தார். முதலாளி அதைத் தண்ணீரில் விட்டு, வந்தவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி நின்றார்.

"உப்பு இருக்கு சார். நல்லா பாருங்க. மேல இருக்கிற அதே உப்பு. இது எங்க தண்ணிதான். சாயம் மட்டும்தான் போயிருக்கு."

வந்தவர் மேலேயும் கீழேயும் தானே வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

கலர் செக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளி கரி சுடுவதற்குப் பெரிய அடுப்பே செய்யச் சொல்லியிருக்கிறார். மேடம் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். தண்ணீரில் இருக்கிற உப்பை எப்படி எடுப்பது என்று பார்க்கிறாராம். போன வாரம் செல்வி அக்கா என் போனை வாங்கிப் பேசினார்.

"மேடம், நம்ம தண்ணியில உப்பு எப்போ போவும்?"

"போகும்க்கா. வழி தெரியுது. ஆனா போச்சுன்னு நானே போன் பண்ணிச் சொன்னாலும், நீ மீட்டரை எடுத்து வச்சுப் பாரு."

செல்வி அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அது இங்கதான் தொங்குது. நீ சீக்கிரம் சொல்லு" என்றார்.